எல்க் வேட்டைக்குப் போங்கள், ஹீலாக்கில் போக வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 41. ஓஹியோவில் கொலம்பஸ் பக்கம் ஐ.டி. வேலை, கிரீன் கார்டு இருக்கிறது. மனைவி பகுதிநேரம் வேலை பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகள். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 9,400 டாலர். எல்லாச் செலவும் போக 900 மிஞ்சும், அதில் 400 ஐ.யு.எல். பாலிசிக்கு (ஆயுள் காப்பீடும் சேமிப்பும் கலந்தது) போகிறது. அவசரத்துக்கு 14,000 சேமிப்பு உண்டு.

ஆபீஸ் நண்பர்களோடு இங்கே சில வருஷமாக மான் வேட்டைக்குப் போகிறேன். ஒரு தடவையாவது வயோமிங் மலைக்குப் போய் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. அடுத்த வருஷம் அக்டோபருக்கு ஓர் அவுட்ஃபிட்டரிடம் (வேட்டைப் பயணம் ஏற்பாடு செய்பவர்) பேசியிருக்கிறேன். குதிரையில் போய் ஏழு நாள் முகாம், இரண்டு பேருக்கு ஒரு கைடு, ஆளுக்கு 7,500 டாலர். டல்லாஸில் இருக்கும் மச்சினனும் வருகிறான், அவன் எச்-1பி. இருவருக்கும் பாதிப் பணமாக 7,500 டாலர் டெபாசிட்டை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். "அத்தான், இப்போ நீங்க போட்டுடுங்க, போனஸ் வந்ததும் தந்துடுறேன். துப்பாக்கியும் எனக்கு ஒண்ணு சேர்த்து வாங்கி வச்சிடுங்க" என்கிறான்.

வீட்டின் மேல் 2019-ல் எடுத்த ஹீலாக் (வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது எடுக்கும் கடன்) இருக்கிறது. பாக்கி 38,000, வட்டி 8.5 சதவீதம். மாதம் 270 டாலர் தவறாமல் கட்டி வருகிறேன். கூரை மாற்றியது 11,000, மச்சினன் காருக்கு முன்பணம் 6,000, குடும்பத்தோடு ஊருக்குப் போய்வந்தது 9,000, மதுரையில் மாமனார் வீட்டு மாடி 12,000, எல்லாம் அதில்தான். இதையும் அதிலேயே எடுக்கலாமா? இல்லை, ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுக்கும் 401கே லோன் நல்லதா? பாலிசியின் மேல் கடன் வாங்கலாம் என்று ஏஜென்ட்டும் சொல்கிறார். என் பங்கு மொத்தம் 8,500-க்குள் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. டெபாசிட் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் வரவில்லை.

பதில்: நீங்கள் வேட்டைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வருஷக்கணக்காக ஆசைப்பட்ட ஒன்றுக்குப் பணம் ஒதுக்குவது ஊதாரித்தனம் ஆகாது. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேட்டை அல்ல, "மாதம் 270 டாலர் தவறாமல் கட்டி வருகிறேன்" என்ற வரிதான்.

38,000-க்கு 8.5 சதவீதம் என்றால் வருஷ வட்டி 3,230. பன்னிரண்டால் வகுத்தால் 269. நீங்கள் கட்டுவது முழுக்க வட்டி. 2019-லிருந்து எடுத்த அசலில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை, கூடிக்கொண்டே போயிருக்கிறது. முன்பு வட்டி குறைவாக இருந்ததையும் கணக்கில் வைத்துச் சுமாராகப் போட்டுப் பார்த்தேன். இதுவரை பத்தாயிரம் டாலர் வட்டியாகப் போயிருக்கும். நீங்கள் போக ஆசைப்படும் வேட்டையின் பெரும்பங்கை வங்கிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் பத்திரத்தைப் பாருங்கள். இந்த மாதிரி ஹீலாக் பெரும்பாலும் பத்து வருஷம் எடுக்கலாம், அப்புறம் பத்து வருஷத்தில் அடைக்க வேண்டும் என்றுதான் இருக்கும். அப்படியானால் 2029-ல் வட்டி மட்டும் கட்டும் சலுகை முடிகிறது. இன்றைய பாக்கியே அப்படியே நின்றால் அன்றைக்கு மாதத் தவணை 470 டாலர். உங்கள் வேட்டைச் செலவாக நான் போடும் 13,400-ம் மச்சினனின் 7,500-ம் சேர்ந்தால் பாக்கி 59,000-ஐத் தொடும், தவணை 730 ஆகும். 270 கட்டிப் பழகிய கை ஒரே மாதத்தில் 730 கட்ட வேண்டிவரும். மிச்சமாகும் 900-த்தில் கூடுதலான அந்த 460-ஐயும் ஐ.யு.எல்.-க்குப் போகும் 400-ஐயும் கழித்தால் என்ன நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

8,500-க்கு முடியும் என்று நீங்கள் எழுதியிருக்க, நான் எப்படி 13,000-க்கு மேல் போடுகிறேன் என்று கேட்பீர்கள். அவுட்ஃபிட்டருக்கு 7,500. வெளிமாநிலத்தவருக்கான சாதாரண எல்க் லைசென்ஸ் 692, விண்ணப்பக் கட்டணம் 15. அதோடு 8,200. வயோமிங்கில் இருக்கும் கோடி (Cody), ஜாக்சன் ஊர்களில் ஒன்றுக்கு விமானம், துப்பாக்கிப் பெட்டிக்கான லக்கேஜ் எல்லாம் 650. முகாமுக்கு முன்னும் பின்னும் ஹோட்டல், வாடகைக் கார் 450. டிப்ஸ் கைடுக்கு மட்டும் அல்ல, விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் சமையல்காரருக்கும் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவருக்கும் தனித்தனி கவரில் ரொக்கமாகத் தருவது அங்கே வழக்கம். வேட்டைக் கட்டணத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் என்று வைத்தால் 1,100. ஓஹியோவில் மான் வேட்டைக்கு நீங்கள் வைத்திருப்பது ஷாட்கன்னோ நேர்க்கூட்டுத் தோட்டா ரைஃபிளோதான், அந்த ஊர்ச் சட்டம் அப்படி. மலைச்சரிவில் 300 கஜத்துக்கு அது உதவாது. .30-06 மாதிரி ஒரு ரைஃபிளும் ஸ்கோப்பும் புதிதாக 1,400. பூட்ஸ், கம்பளி உடை, உறைகுளிருக்கான ஸ்லீப்பிங் பேக் 700.

கடைசியாக இறைச்சி. ஆண் எல்க் ஒன்று அடிபட்டால் அங்கேயே நான்கு கூறாக வெட்டி, குதிரைகளில் ஏற்றித்தான் கீழே இறக்க முடியும். எலும்பு நீக்கினாலும் 200 பவுண்டு வரை தேறும். கசாப்புக்கடையில் வெட்டிப் பொதிந்து, உறையவைத்து, கொலம்பஸ் வரை கொண்டுவர 900 டாலராவது ஆகும். மொத்தம் 13,400. கொம்போடு தலையைப் பாடம் செய்து மாட்ட ஆசைப்பட்டால் இன்னும் 1,800. அவுட்ஃபிட்டர் ஒன்றையும் மறைக்கவில்லை, அவர் சொன்னது அவர் கட்டணம் மட்டும்.

இனி டெபாசிட். இங்கேதான் நீங்கள் அவசரப்படுவது எனக்குப் புரியவில்லை. உங்களிடம் டேக் இல்லை, அதாவது அந்த விலங்கை வேட்டையாடும் லைசென்ஸ். வயோமிங்கில் வெளிமாநிலத்தவருக்கு எல்க் டேக் குலுக்கலில்தான் கிடைக்கும். எழுபத்தைந்து சதவீதம், வருஷா வருஷம் சேர்த்துவைத்த பிரிஃபரன்ஸ் பாயின்ட் (முன்னுரிமைப் புள்ளி) வரிசைப்படி போகிறது, இருபத்தைந்து சதவீதம்தான் பாயின்ட் பார்க்காத குலுக்கல். சமீப வருஷங்களில் ஜெனரல் எல்க் டேக்குக்கே பல பாயின்ட் வேண்டியிருக்கிறது. சேர்ந்து விண்ணப்பித்தால் இருவர் பாயின்ட்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள். நீங்கள் பாயின்ட் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, ஆகவே இருவருக்கும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறேன். 1,950 டாலர் கட்டி ஸ்பெஷல் குலுக்கலில் போனால் வரிசை கொஞ்சம் குறையும், பூஜ்யத்தில் நிற்பவருக்கு அதுவும் உறுதியில்லை. ஜனவரிக் கடைசி வாக்கில் விண்ணப்பிக்கும்போதே லைசென்ஸ் பணம் முழுவதும் கட்ட வேண்டும், முடிவு வருவது மே மாதம். டேக் விழவில்லை என்றால் லைசென்ஸ் கட்டணம் திரும்பும், விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. அவுட்ஃபிட்டரிடம் கட்டிய டெபாசிட்? அது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். சிலர் திருப்பித் தருவார்கள், சிலர் அடுத்த வருஷத்துக்கு நகர்த்துவார்கள், சிலரிடம் போனது போனதுதான்.

"அவுட்ஃபிட்டரோடு போனால் டேக் நிச்சயம்" என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். நியூ மெக்சிகோவில் குலுக்கல் லைசென்ஸில் பத்து சதவீதம் அவுட்ஃபிட்டரோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள், அதுவும் குலுக்கல்தான். வயோமிங்கில் அந்த ஒதுக்கீடே கிடையாது. அங்கே இருப்பது வேறு சட்டம். வனப்பாதுகாப்புக்காக மத்திய அரசு 'வில்டர்னஸ்' என்று அறிவித்த பகுதிகளில் வெளிமாநிலத்தவர் எல்க் போன்ற பெரிய விலங்கை வேட்டையாட, லைசென்ஸ் பெற்ற கைடோ அவுட்ஃபிட்டரோ, அல்லது இதற்கென்று இலவச அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ கூட இருக்க வேண்டும். கைடு கூட இருக்க வேண்டும் என்பது சட்டம், கைடு இருந்தால் டேக் வரும் என்பது இல்லை.

இன்னொன்று, நீங்கள் பேசியிருப்பது இரண்டு பேருக்கு ஒரு கைடு என்ற கணக்கு. அந்த விலை மலிவாக இருப்பதே இருவரும் வந்தால்தான். ஒருவர் விலகினால் மிஞ்சியவர் தனி கைடுக்கான விலையைக் கட்ட வேண்டும், அல்லது அவுட்ஃபிட்டர் சேர்த்துவிடும் முன்பின் தெரியாத ஒருவரோடு போக வேண்டும். உங்கள் மச்சினன் எச்-1பியில் இருக்கிறார். வேலை மாறலாம், விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம், போனஸ் வராமலே போகலாம். இதில் எது நடந்தாலும் அவருடைய 3,750 உங்கள் ஹீலாக்கில் நிற்கும். அதற்கு மேல் உங்கள் கட்டணமும் ஏறும். கார் முன்பணம் 6,000 இன்னும் அதே கணக்கில்தான் நிற்கிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மாதம் 42 டாலர் வட்டி இன்றும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள், அவருக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

அவருக்கும் சேர்த்துத் துப்பாக்கி வாங்கிவைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கடையில் நீங்கள் நிரப்பும் 4473 படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கும். இன்னொருவர் பணத்தில் அவருக்காக வாங்கிக்கொண்டு "ஆமாம்" என்று எழுதுவது ஃபெடரல் குற்றம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் முதலான சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்பதும் ஃபெடரல் சட்டம். துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானால் கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாட்டைவிட்டு அனுப்ப முடியும். ஆறாயிரம் டாலர் காருக்கு "நான் போடுகிறேன், அப்புறம் கொடு" என்றதற்கும் இதற்கும் நடுவே நீங்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்று யோசியுங்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் அத்தான் போடுவார் என்று பழகிவிட்டார், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது நீங்கள், நிறுத்த வேண்டியவரும் நீங்கள்.

401கே பற்றிச் சுருக்கமாக. சட்டப்படி உங்கள் பங்கில் பாதியோ 50,000 டாலரோ, எது குறைவோ அதுவரை எடுக்கலாம், ஐந்து வருஷத்தில் திருப்ப வேண்டும். வேலையை விட்டால், அந்த வருஷத்து வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் மிச்சத்தை அடைக்க வேண்டும். முடியாவிட்டால் அது வருமானமாகக் கருதப்பட்டு வரி, உங்கள் வயதில் மேலே பத்து சதவீத அபராதம். ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்பு நடக்கும் இந்தக் காலத்தில் உல்லாசப் பயணத்துக்காக அதைத் தொடச் சொல்ல எனக்கு மனம் வராது.

பாலிசிக் கடன் யோசனை எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. சனி ஞாயிறு பாட்லக் விருந்துகளில் "உங்களுக்கு நீங்களே வங்கி" என்று சொல்லி ஐ.யு.எல். விற்பது நம்மவர்கள் மத்தியில் பெரிய வியாபாரமாகிவிட்டது. முதல் சில வருஷங்களில் நீங்கள் கட்டும் பணத்தில் பெரும்பகுதி கமிஷனுக்கும் செலவுக்கும் போகும். இடையில் விட்டால் சரண்டர் சார்ஜ் பிடிப்பார்கள், அது பத்து வருஷத்துக்கு மேலும் நீடிக்கும். பாலிசிக் கடனுக்கும் வட்டி உண்டு. கடனும் வட்டியும் ஏறி ரொக்க மதிப்பைத் தின்றுவிட்டால் பாலிசியே காலாவதியாகும், அத்தோடு உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பும் போய்விடும். வேட்டைக்குத் தவணைமுறையில் கடன் தருகிறோம், உங்களுக்காகப் பல மாநிலங்களில் பாயின்ட் வாங்கிச் சேர்க்கிறோம் என்று வரும் விளம்பரங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். பாயின்ட் ஒரு முதலீடு அல்ல. வருஷா வருஷம் வரிசையில் ஆள் கூடக் கூட, தேவைப்படும் பாயின்ட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு மாநிலம் போதும், விண்ணப்பத்தை நீங்களே நிரப்பலாம், யாருக்கும் கட்டணம் தர வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? உங்கள் வயதுக்கு, உடல்நலம் நன்றாக இருந்தால், இருபது வருஷ டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல் காப்பீடு மட்டும்) ஏழெட்டு லட்சம் டாலருக்கு மாதம் சுமார் 80 டாலரில் கிடைக்கும். அது வந்தபின் ஐ.யு.எல்.-ஐ நிறுத்தினால் 900-த்தில் 820 கையில் நிற்கும். அதில் 420-ஐ ஹீலாக் அசலுக்குக் கட்டுங்கள், இப்போது கட்டும் 270-க்கு மேலாக. வட்டி குறையக் குறைய அந்த மிச்சத்தையும் அசலுக்கே விடுங்கள், மொத்தத் தவணை 690 என்பதை மாற்ற வேண்டாம். வட்டி இதே அளவில் இருந்தால் நான்கு வருஷத்தில் பாக்கி ஏறக்குறைய 14,000-க்கு இறங்கும். ஹீலாக்கில் இனி ஒரு டாலரும் எடுக்க வேண்டாம். முடிந்தால் வங்கியிடம் சொல்லி வரம்பையே குறைத்துவிடுங்கள்.

மிச்சம் 400, வேட்டைக்கென்று தனிக் கணக்கில். அடுத்த அக்டோபருக்குள் 5,200 சேரும். அதை வைத்து எல்க்குக்குப் போக முடியாது. ஆனால் ஆன்டிலோப்புக்குப் போகலாம், அதாவது வயோமிங் சமவெளியில் இருக்கும் ப்ராங்ஹார்ன். மேற்கே முதல்முதலாகப் போகிறவர்களுக்கு நான் எல்க்கைவிட இதைத்தான் சொல்வேன். திறந்த சேஜ்பிரஷ் வெளி, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மந்தைகள், வேட்டை மூன்று நாளில் முடியும். டேக் கையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. எல்க் அப்படியல்ல. கொலராடோவில் அதைத் தேடிப் போகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வாய்த்தாலே பெரிது.

கைடோடு ஆன்டிலோப் வேட்டை 3,000 டாலர் அளவில் கிடைக்கும். லைசென்ஸ் 326. கொலம்பஸிலிருந்து இரண்டு நாள் கார் ஓட்டம், பெட்ரோலும் மோட்டலும் 700. டிப்ஸ் 400. இறைச்சியை வெட்டி ஐஸ் பெட்டியில் வைத்து நீங்களே கொண்டுவரலாம், 150. ஆக 4,600. மீதி 600-க்குப் பழைய .30-06 ஒன்று கிடைக்கும், பின்னாளில் எல்க்குக்கும் அதுவே போதும். இதற்கும் குலுக்கல்தான், விண்ணப்பம் ஜூன் தொடக்கம் வரை. 2022-23 கடுங்குளிரில் மேற்கு வயோமிங்கில் ப்ராங்ஹார்ன் ஏராளமாகச் செத்துப்போய் அந்தப் பக்கம் டேக்கைக் குறைத்துவிட்டார்கள், ஆகவே எந்தப் பகுதிக்கு விண்ணப்பிப்பது என்று அவுட்ஃபிட்டரைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். டேக் விழுந்தபிறகு டெபாசிட் கட்டலாமா என்றும் கேளுங்கள். இந்த வேட்டையில் ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்க்கை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜூலையிலிருந்து அக்டோபர் கடைசி வரை வயோமிங் வேட்டைத் துறையின் தளத்தில் எல்க் பாயின்ட்டை 52 டாலருக்கு விற்கிறார்கள். உங்கள் பெயரில் மட்டும் ஒன்று வாங்குங்கள். வருஷம் ஒன்று சேர்த்து, அதே 400-ஐயும் தொடர்ந்து போட்டுவந்தால், வரிசை உங்களை நெருங்கும்போது பணமும் கையில் இருக்கும். அதற்குள் ஆண் எல்க்தான் வேண்டும் என்ற பிடிவாதம் தளர்ந்தால் பெண் எல்க் டேக்கும் கைடும் இதில் பாதி விலைக்குள் கிடைக்கும்.

மனைவிக்கு எதில் விருப்பமில்லை என்று நீங்கள் எழுதவில்லை. வேட்டையாடுவதிலா, வீட்டை அடகு வைத்து வேட்டையாடுவதிலா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஹீலாக் ஸ்டேட்மென்ட்டை அவரோடு உட்கார்ந்து பாருங்கள், முதலிலிருந்து. அவர் தம்பிக்கு நீங்கள் தர மறுப்பதும் அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தச் செய்தி டல்லாஸிலிருந்து வேறு மாதிரி வந்து சேரும்.

மச்சினனிடம் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "என் பங்குக்கே என்னிடம் பணம் இல்லை, உனக்குப் போட முடியாது. வர விருப்பமிருந்தால் உன் பெயரில் நீயே ஒப்பந்தம் போட்டு டெபாசிட் கட்டு." காருக்குக் கொடுத்த 6,000-ஐ மாதம் 200 வீதம் நேராக உங்கள் ஹீலாக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அடுத்த வேட்டைக்கும் அவர் எப்படிப் பணம் தந்திருப்பார் என்று தெரிந்துவிடும்.

அவுட்ஃபிட்டருக்கு இன்றைக்கே எழுதுங்கள். அடுத்த வருஷ எல்க்குக்கு டேக் வாய்ப்பு இல்லாததால் இப்போது டெபாசிட் கட்டவில்லை என்றும், ஆன்டிலோப்புக்குத் தேதி இருந்தால் தெரிவிக்கும்படியும் எழுதினால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார். வயோமிங்கில் அவுட்ஃபிட்டர்களுக்கென்று மாநில லைசென்ஸ் வாரியம் இருக்கிறது, அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாலிசியின் இன்றைய சரண்டர் மதிப்பு எவ்வளவு என்று கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள், ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது. டேர்ம் பாலிசி உங்கள் கைக்கு வந்து சேரும்வரை ஐ.யு.எல்.-க்குப் பிரீமியம் கட்டுவதை நிறுத்த வேண்டாம்.